தோளில் போன பிள்ளை

"என் பேரன் கால்ல கட்டுப் போட விடமாட்டேன். ஆமா."

கருப்பணன் பிள்ளையைத் துண்டோடு மார்பில் சேர்த்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார். விருதுநகர் ஆஸ்பத்திரியில், மாவுக்கட்டு போடும் அறைக்கு வெளியே இன்னும் இரண்டு பேர்தான் அவர்களுக்கு முன்னால் இருந்தார்கள்.

பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். வலது பாதம் உள்பக்கமாகத் திரும்பி, உள்ளங்கால் மேலே பார்த்துக் கிடந்தது.

"வாரத்துக்கு ஒரு கட்டுப்பா. ஆறு கட்டுல திருப்பிருவாகளாம். அப்புறம் நாலு வயசு வரைக்கும் ராத்திரி ஷூ போட்டு விடணும், அம்புட்டுதான்" என்றாள் சின்னவள் அழகுமீனா. பிள்ளை அவளுடையது. புருசன் மகேஷ்குமார் பட்டாசு லோடோடு நாக்பூர் போயிருந்தான். போகிறவன் சும்மா போகாமல், 'மாமா சொல்றபடி செய்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதுதான் வினை.

"எண்ணெய் போட்டு நீவுவோம். ஒரு வருசம் போகட்டும்."

"ஒரு வருசத்துல எலும்பு முத்திரும்ப்பா."

"பிஞ்சுக் காலு தாங்காதுத்தா."

மூத்தவள் வீரலட்சுமி சிரித்தாள். "நாப்பது வருசமா வெடிக்குப் பயப்படாத மனுசன், வெள்ளைத் துணிக்குப் பயப்படுறதைப் பாரு."

எம்.புதுப்பட்டியில் கருப்பணன் உருட்டும் பட்டாசுக் குழாய்க்கு ஒரு பேர் உண்டு. காகிதத்தில் பசையைத் தடவி அவர் உருட்டினால், காய்ந்த பிறகு கல். நகத்தால் கீறினாலும் ஒரு சுற்று பிரியாது.

நர்ஸ் ஞானபூரணி நோட்டோடு வந்தாள். "உங்க குடும்பத்துல யாருக்காவது பொறக்கும்போதே கால் இப்படி இருந்துச்சா ஐயா?"

"எங்க வம்சத்துலயே கிடையாது." கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிட்டது.

நர்ஸின் பார்வை வீரலட்சுமியின் சூம்பிய இடது காலுக்குப் போனது.

"எனக்குப் போலியோ சிஸ்டர். கைப்பிள்ளையா இருக்கும்போது காய்ச்சல் வந்து இழுத்துக்கிச்சாம். எங்கம்மா சாகுற வரைக்கும் இந்தக் காலைப் பிடிச்சுப் பிடிச்சு அழுவா." வீரலட்சுமி சேலையை இழுத்துக் காலை மூடினாள். "ஆனா சின்ன வயசுல எனக்கு இது ஒரு குறையாவே தெரிஞ்சதில்ல. எட்டாப்பு வரைக்கும் எங்கப்பா தோள்லதான் பள்ளிக்கூடம் போனேன். மொதலாளி வீட்டுப் பிள்ளையே நடந்துதான் வரும். நான் மட்டும் பல்லாக்குல போற மாதிரி போவேன்."

"பசங்க சும்மாவா விட்டாக?" என்றாள் அழகுமீனா. "'ஏலே, கருப்பணன் மாமாவுக்கு ரெண்டாவது தலை முளைச்சிருக்குலே'ன்னு தெருவே கத்தும்."

"கத்தட்டுமே. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு இந்த ஊருக்கு வந்தா எல்லாரும் முன்னால நிக்கிறவன் முதுகைப் பாப்பாக. நான் மட்டும் சாமியைப் பாப்பேன். எண்ணெய்ப் பரோட்டாவைத் தின்னுட்டு, கையை அப்பா தலையிலயே துடைப்பேன். அந்த முடியில எப்பவும் பசை வாசம் அடிக்கும். இன்னைக்கும் எங்கயாவது மைதாப் பசை காய்ச்சுனா, தோள்ல உக்காந்திருக்க மாதிரியே இருக்கும் சிஸ்டர்."

"எனக்கு ஒரு நாளும் அந்தத் தோள் கிடைச்சதில்ல. 'நல்ல காலு இருக்குல்ல, நட'ன்னு விரட்டுவாரு" என்றாள் அழகுமீனா.

"ஊரே சொல்லும், அப்பன்னா கருப்பணன் மாதிரி இருக்கணும்னு" என்றாள் வீரலட்சுமி.

கருப்பணன் தலையை நிமிர்த்தவில்லை.

வீரலட்சுமியின் குரல் இறங்கியது. "ஆனா யப்பா, எட்டாப்போட தோள் முடிஞ்சு போச்சுல்ல. என்னைப் பொண்ணு பாக்க மூணு பேரு வந்தாக. மூணு பேரும் நான் நடந்து வந்ததைப் பாத்துட்டு, காபியைக் குடிச்சிட்டுப் போயிட்டாக. உனக்கு அறுபத்தஞ்சு ஆகுது. இவனை எம்புட்டு நாளைக்குத் தூக்கிருவ? கொண்டா பிள்ளையை."

அவர் கொடுக்கவில்லை. ஆனால் எழுந்தார். "நானும் உள்ள வருவேன். கண்ணால பாக்கணும்."

உள்ளே டாக்டர் பாதத்தை மெல்லத் திருப்பிப் பிடித்துக்கொள்ள, ஞானபூரணி பஞ்சைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"பஞ்சு எதுக்கு?" என்றார் கருப்பணன்.

"பஞ்சு வைக்காம இறுக்குனா ரத்த ஓட்டம் நின்னுரும் ஐயா. சதை செத்துப் போகும்."

"விரலை ஏன் வெளிய விடுறீக?"

"நிறம் பாக்கத்தான். நீலமாச்சுன்னா உடனே கட்டைப் பிரிச்சிறணும். விரலை மூடிட்டா உள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?"

கருப்பணன் அந்த விரல்களையே பார்த்தார். கட்டு காய்கிற வரைக்கும் அசையாமல் நின்றார். பிறகு வெளியே தெரிந்த ஐந்து குட்டி விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சிவப்பாக இருந்தன. பிள்ளையை அழகுமீனாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

வந்தவர் பெஞ்சில் உட்காரவில்லை. வீரலட்சுமியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவளுடைய சூம்பிய பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"யப்பா, என்ன இது? எல்லாரும் பாக்காக."

"உனக்குப் போலியோ வரல தாயி. நீயும் இவன மாதிரிதான் பொறந்த. மதுரையில ஒரு கட்டுப் போட்டுட்டு, வாராவாரம் வந்து மாத்தணும்னாக. தீவாளி சீசன், கம்பெனில லீவு குடுக்கல. என்ன பெரிய கட்டுன்னு, குழாய்க் காகிதத்துல பசையைத் தடவி நானே சுத்துனேன்."

அவருடைய கை அந்தக் காலை விடவில்லை.

"பஞ்சு வைக்கல தாயி. விரலையும் சேத்து மூடிட்டேன்."