சத்தம் மட்டும் பறந்த பிக்கப்

பலமனேர் தக்காளி மண்டிக்கு வெளியே, காலை வெயிலில், உதயாவின் பிக்கப் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. யூடியூப் பண்டிதர் சொன்னாரென்று அவன் மாட்டிய சிவப்பு ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, மெக்கானிக் வேணு இன்ஜினுக்குக் காற்றுப் போகும் குழாய்க்குள் விரலை விடுகிறார். விரல் சிவப்புப் பொடியோடு வெளியே வருகிறது. "காணிப்பாக்கம் கோயில்ல வண்டிக்குப் பூஜை போட்டப்ப இதுக்குமா குங்குமம் அப்பினே?" "புதுசாச்சேண்ணா." "சரி, வண்டி பறந்துச்சா?" "சத்தம்தான் பறந்துச்சு. மேட்டுல டிராக்டர்கூட என்னைத் தாண்டிக்கினு போவுது." குடும்பத்துக்கு இருக்கும் ஒரே பிழைப்பு அந்த இன்ஜின். பொடி அதுவரை போய் அதை அரித்திருக்கிறதா என்று வேணு டார்ச் அடித்துப் பார்த்து முடிக்கும்வரை உதயா பானெட்டை விட்டு நகர்வதில்லை. "தப்பிச்சுக்கினே." கம்பெனி கொடுத்த பழைய கறுப்பு ஃபில்டர் டப்பா மறுபடி ஏறுகிறது. சாவியைத் திருப்பினால் கர்ஜனை போய், சாதுவான முனகல். உதயாவின் முகம் தொங்குகிறது. பக்கத்து சீட்டில் மனைவி துர்காதேவி அவன் பக்கம் திரும்பி உட்காருகிறாள். "மூணு மாசமா நீ பேசினது ஒண்ணும் கேக்கல. இப்ப சொல்லு."