அடங்காதவள்

டீச்சர் இல்லாத நேரத்தில் ஆடுகிறவர்கள் பெயரை லீடர் கரும்பலகையில் எழுதுவாள். மறுபடி ஆடினால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. ஜெபசெல்வியின் பெயருக்கு மட்டும் குறிகள் பலகையின் விளிம்புவரை போகும். ஒருநாள் காலை, மணியடிக்கும் முன்பே அவள் தன் பெயரைத் தானே கோணல் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். "எப்படியும் எழுதுவாங்கல்லா டீச்சர்" என்றாள். மரகதம் டீச்சருக்குச் சிரிப்புதான் வந்தது.

கார்த்திகையில் ஜெபசெல்வியின் அப்பா வந்து டி.சி. வாங்கிக்கொண்டார். "இவளுக்குப் படிப்பு வராது டீச்சர். வீட்டுல கெடக்கட்டும்."

தை மாதம் மரகதம் ஒரு பயிற்சிக்குப் போனாள். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள குழந்தைகளை அடையாளம் காணப் பதினெட்டுக் கேள்விகள் கொண்ட படிவம் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளையை அவ்வப்போது எழுந்து நடக்க விடச் சொன்னார்கள். பதினெட்டுக்கும் அவளுக்கு ஒரே முகம்தான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் பலகையில் அதே கோணல் எழுத்தில் ஜெபசெல்வி என்று இருந்தது.

"யாருட்டி எழுதுனா?"

"நாங்க வரும்போதே இருந்துச்சு டீச்சர்" என்றாள் லீடர்.

மரகதம் அழித்துவிட்டுத் திரும்பினாள். ஜெபசெல்வி போனபின் யாரும் உட்காராத மூன்றாவது பெஞ்சு டக் டக்கென்று ஆடிக்கொண்டிருந்தது. 'அடங்கி உட்காரு' என்று வாய்வரை வந்ததை விழுங்கினாள்.

"எந்திச்சு ஒரு நடை நடந்துட்டு வா மக்ளே" என்றாள். "பொறவு உக்காரலாம்."

பெஞ்சு நின்றது. அங்கிருந்து வாசல்வரை, பிள்ளைகளின் தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பிக்கொண்டே போயின.