ஆசீரின் குரல் பெட்டி

அறுவை சிகிச்சை செய்து ஆசீரின் தொண்டையில் பொருத்திய செயற்கைக் குரல் பெட்டிக்கு முப்பது வயது. அதன் கெப்பாசிட்டர்கள் உப்பிவிட்டன, மாற்றாவிட்டால் ஒருநாள் திடீரென்று பேச்சே நின்றுபோகும் என்றாள் பாளையங்கோட்டை மெக்கானிக் சலீமா. இரண்டு மாதம் தயங்கிவிட்டு, அன்று காலையில் போய் மாற்றிக்கொண்டார்.

வாயைத் திறந்ததும் அவரே திடுக்கிட்டார். கரகரப்பு போயிருந்தது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் பதிவு செய்து வைத்த அவருடைய சொந்தக் குரல், இருபத்தெட்டு வயதுக் குரல், கணீரென்று வந்தது.

உடனே மனைவி ரோஸ்லினுக்குப் போன் போட்டார்.

“ரோஸு, நான்தான்.”

“யாரு பேசுதீய?”

“ஆசீர்தான் பேசுதேன்.”

“அவிய குரல் எனக்குத் தெரியாதா? போனை வைங்க.”

அவருக்கு நாற்பது தாண்டிய பிறகு கட்டிக்கொண்டவள் அவள்; அதற்குள் பெட்டி கரகரக்கத் தொடங்கியிருந்தது. எது தன் குரல் என்று ஆசீருக்கே இப்போது குழம்பியது. பழையதையே திரும்பப் போட முடியுமா என்று சலீமாவிடம் கேட்டார்.

“வெடிச்சிரும் அண்ணாச்சி,” என்றாள் சலீமா.

ரோஸ்லினை மறுபடியும் அழைத்து, கல்யாணத்தன்று மழையில் மோதிரம் தொலைந்த, அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த கதையைச் சொன்னார்.

“சரி, வீட்டுக்கு வாங்க,” என்றாள் ரோஸ்லின். “வந்து கொஞ்ச நேரம் பேசாம இருங்க, என்ன?”