கட்டைவிரல்

சன்னல் கம்பிகளின் நிழலோடு வெயில் கட்டிலில் விழுந்து கிடக்கிறது. நர்சிங் படிக்கச் சேர்ந்த பெனாசிருக்கு வார்டில் இதுதான் முதல் நாள். புது யூனிஃபார்மின் கழுத்துப்பட்டி உறுத்துகிறது. சிறுவாச்சூர் பக்கம் மக்காச்சோளக் காட்டில் மயங்கி விழுந்த உத்திராபதியை இப்போதுதான் தூக்கிவந்து கிடத்தியிருக்கிறார்கள். "பல்ஸ் பாரு, டாக்டரைக் கூட்டிட்டு வரேன்" என்று சிஸ்டர் ஓடியிருக்கிறார். நகக்கண்ணில் கரிசல் மண் அப்பிய அந்தக் கை சில்லென்றிருக்கிறது. பெனாசிர் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறாள். தடதடவென்று துடிப்பு தட்டுப்படுகிறது. அல்ஹம்துலில்லாஹ் என்று உதடு அசைகிறது. கால்மாட்டில் நிற்கும் அவர் மனைவி செங்கமலம், "நாடி இருக்காம்மா?" என்கிறாள். "இருக்குங்கம்மா. நல்லா துடிக்குது." செங்கமலம் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். டாக்டருக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்த சிஸ்டர் பெனாசிரின் காதருகே குனிகிறார். "கட்டைவிரலை எடு பாப்பா. அதுல உன் பல்ஸ்தான் துடிக்கும். மத்த விரலை வச்சுப் பாரு." பெனாசிர் விரல்களை மாற்றி வைக்கிறாள். நகர்த்துகிறாள், அழுத்துகிறாள். மேலே ஃபேன் கரகரக்கிறது. விரல்களுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. செங்கமலம் அதே சிரிப்போடு செல்போனில் மகனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "பயப்படாதடா. நர்சம்மா கையப் புடிச்சுப் பாத்துட்டாங்க. நல்லாத் துடிக்குதாம்."