அறுபது வருஷம் காணாத பறவை

“டே நேசையா, பேப்பரைப் பாத்தியா? உன் பறவை காவைக் காப்பாத்திட்டுடே!”

டைரக்டர் தாணுமாலையன் பேப்பரை விசிறிக்கொண்டே லாட்ஜ் அறைக்குள் நுழைந்தார். இன்னொரு கையில் பழவங்காடியில் வாங்கிய சூடான பழம்பொரிப் பொட்டலம். ஒலிப்பதிவாளன் நேசையன் வாய் நிறையப் பற்பசை நுரையோடு நின்றான். நுரையை அப்படியே விழுங்கினான்.

விஷயம் இதுதான். விழிஞ்ஞம் போகிற வழியில் மரங்கள் அடர்ந்த பழைய நாகர் காவு, அதாவது கோயில் தோப்பு, ஒன்று உண்டு. அதை வெட்டிச் சாய்த்துவிட்டுக் கிடங்கு கட்டுவதாக உத்தரவாகியிருந்தது.

அந்தக் காவு மரங்களின் அடியில் உட்கார்ந்து தியானம் செய்கிறவர்களைப் பற்றித் தாணுமாலையன் அரைமணி நேர டாக்குமெண்டரி எடுத்தார். படத்தின் நடுவில் ஒரு பறவை கூவும். படம் போட்ட அன்று அந்தக் கூவல் வந்ததும், முன்வரிசையில் இருந்த சரஸ்வதியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

அந்த அம்மாள் காலேஜில் முப்பது வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவர். சொந்தத் தம்பி மகனையே ஒரு மார்க்கில் ஃபெயில் போட்ட ஆள். “இந்தக் கடலோரத்தில் அறுபது வருஷமாக யாரும் காணாத மலைப்பறவை இது” என்று அவர் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்ததும் வெட்டு நின்றது. அவரையே தலைவராகப் போட்டு ஒரு கமிட்டி வேறு. நேரில் வந்து பார்த்துத்தான் முடிவாம்.

எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் காவில் பறவை கூவவே இல்லை. கூவியது நேசையன்!

ஷூட்டிங் அன்று விளக்குக்காக ஓட்டின ஜெனரேட்டர் போட்ட கூப்பாட்டில் காக்காய்கூடப் பக்கத்தில் வரவில்லை. டேப் முழுக்க அந்த இரைச்சல்தான். “பறவை இல்லாம என்னடே காவு? மானத்தை வாங்காதே” என்று தாணுமாலையன் குதித்தார்.

அவருக்குத் தெரியாமல் நேசையன் ரிக்கார்டிங் தியேட்டரில் தனியாக உட்கார்ந்து, உள்ளங்கைகளைக் குவித்துக் கூவிப் பதிவுசெய்து, காவில் பிடித்தது என்று சொல்லிவிட்டான். சின்ன வயதில், அப்பா வேலை பார்த்த மலைத்தோட்டத்தில் கேட்டுக் கேட்டுப் பழகின பறவை. எந்தப் பறவையை எந்த ஊரில் கூவுகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்தானா, மடையன்!

படம் போட்ட நாள்முதல் இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட வாயைத் திறந்தால் அந்தக் கூவல்தான் காதில் கேட்டது. உண்மையைச் சொன்னால் காவு போய்விடும். சொல்லாவிட்டால், என்றைக்காவது குட்டு உடையும்போது அந்த அம்மாளின் பெயர் நாறிப்போகும்.

பேப்பர் வந்த அன்று மத்தியானத் தபாலில் அவனுக்கு ஒரு கார்டு வந்தது. ‘ஒலிப்பதிவு செய்தவர் மட்டும் வரவும். டேப் வேண்டாம். மழையில் நனையாமல் வரவும். – சரஸ்வதி.’

மாட்டிக்கொண்டோம் என்று நேசையன் நினைத்தான். கிழக்கேகோட்டை அக்ரகாரத் தெருவில் அவர் வீட்டைக் கண்டுபிடித்து, வாசலில் நின்று லேசாகத் தொண்டையைச் செருமினான்.

“வாங்கோ. என்ன, தொண்டை கட்டியிருக்கா?” சரஸ்வதியம்மாள் பதறிப்போனார். மறுபேச்சுப் பேச விடாமல் மிளகும் பனங்கல்கண்டும் போட்ட சுடுபால் ஒரு டம்ளர் வந்தது. தன்னை நம்பி ஏமாந்த மனுஷி கையால் அதை வாங்கிக் குடிக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தான். “அம்மா, அது பறவை இல்ல. நானாக்கும் கூவுனது. பொய்யைக் காட்டி உங்களை எழுத வச்சிட்டேன். எனக்கு உறக்கமே இல்லம்மா.”

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான்.

சரஸ்வதியம்மாள் எழுந்து போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“ஒருத்தருக்கும் தெரியாது. டைரக்டர் சாருகிட்டகூட நான் ஒரு வார்த்தை மிண்டல்லை.”

“எங்கே, இப்போ ஒரு தரம் கூவுங்கோ.”

தான் சொன்னதற்கு அத்தாட்சி கேட்கிறார் என்று நினைத்தான். கைகளைக் குவித்துக் கூவினான். அவர் கண்ணை மூடிக்கொண்டு பரீட்சைப் பேப்பர் திருத்துகிற முகத்தோடு கேட்டார்.

“கடைசியில மூச்சு இழுக்கறது கேக்கறது. பட்சி அப்படி இழுக்காது.”

“தப்புத்தாம்மா. நீங்க எழுதிக் குடுத்ததைத் திருப்பி வாங்கிடுங்க. எனக்கு என்ன தண்டனைன்னாலும் சரி.”

“முப்பது வருஷத்துல என் கையெழுத்துல இருக்கற பொய் அந்த ஒரு வரிதான். தெரிஞ்சேதான் எழுதினேன். எனக்கும்தான் தூக்கம் வரல்லை.”

அவர் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார். பாதியில் நின்று திரும்பினார்.

“வியாழக்கிழமை விடியக்காலம் கமிட்டி காவுக்கு வரது. அதுவரைக்கும் ஐஸ் தண்ணி தொடப்படாது, கேட்டேளா?”