டொக்கு

"பேருதான் எலக்ட்ரீஷியன். சொந்த வீட்டு ஃபேனையே சரிபண்ணத் தெரியல. இவன்கிட்டப் போய் மொத்தக் கட்டடத்து வயரிங்கையும் குடுக்கணுமாம்!"

மாடிப்படியில் மேல் வீட்டம்மா யாரிடமோ சொல்லிச் சிரித்தது, குப்பைப் பையோடு வாசலில் நின்றிருந்த எலக்ட்ரீஷியனின் மனைவி காதில் முழுசாக விழுந்தது.

உள்ளே படுக்கையறை ஃபேன், ஆமாம் போட்டது.

"கடக்... கடக்... டொக்."

புது வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பழைய வீட்டில் ஒரு ஓட்டை ஃபேன். அதன் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே அவளுக்குத் தலைவலி வந்தது. புது வீட்டுக்கென்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சத்தம் போடாத ஃபேன். கணவனும் புத்தம் புதுசாக வாங்கி மாட்டினான். முதல் நாள் பஞ்சு மாதிரி ஓடியது. மறுநாளே ஆரம்பித்துவிட்டது கச்சேரி.

"ஏங்க, மத்தியானம் நம்ம குடியிருப்புச் சங்கச் செயலாளர் வர்றாரு. வயரிங் வேலையை உங்களுக்குக் குடுக்கலாமா வேண்டாமான்னு பார்க்கத்தான் வர்றாரு. அதுக்குள்ள அந்த ஃபேனைக் கொஞ்சம் பாருங்களேன்."

"பார்க்கலாம், பார்க்கலாம்."

"ஒரு வாரமா பார்த்துக்கிட்டேதான் இருக்கீங்க, படுத்துக்கிட்டு!"

"புது ஃபேன் இல்லையா? பழகணும்."

"பழகறதுக்கு அது என்ன செருப்பா?"

அவன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு நழுவினான்.

ஊரில் உள்ள ஃபேனையெல்லாம் ஒரே திருகில் சரிசெய்கிற மனுஷன். சொந்த வீடு என்றால் மட்டும் உடம்பு வளையாது! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவன் வயரும் ஸ்க்ரூவுமாகவே பேசிக் கேட்டவள். கொஞ்சமாவது ஒட்டாமலா போயிருக்கும்? சுவிட்சை அணைத்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

விஷயம் உடனே பிடிபட்டது. ஃபேனுக்கு மேலே வயரை மூடியிருக்கிற கப், தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு ஸ்க்ரூ லூஸ்.

"இதுக்கா ஒரு வாரம்? சோம்பேறி!"

இறுக்கித் திருகிவிட்டு இறங்கி, சுவிட்சைப் போட்டாள். ஃபேன் மூச்சுக்கூட விடாமல் ஓடியது. வரட்டும் செயலாளர்!

செயலாளருக்கு முன்னால் தூக்க நேரம் வந்தது. மூன்று வயசுச் சின்னவன் தலையணையைக் கட்டிக்கொண்டு மல்லாந்தான். மேலே பார்த்தான். கீழுதடு பிதுங்கியது.

"டொக்கு எங்க?"

"எந்த டொக்குடா?"

"டொக்கு செத்துப்போச்சு!"

அவ்வளவுதான். வீடு இரண்டுபட்டது. பிஸ்கட் கொடுத்தாள், பறந்தது. பொம்மை கொடுத்தாள், அதுவும் பறந்தது. தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள், காதுக்குள்ளேயே கத்தினான்.

அந்த நேரம் பார்த்துத்தான் செயலாளர் வந்தார். கையில் காகிதக் கட்டு. நேராகப் படுக்கையறை வாசலுக்கே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"அட, சத்தமே இல்லையேம்மா! மேல் வீட்டம்மா என்னவோ சொன்னாங்களே?"

"அவங்க சும்மா சொல்வாங்க சார்!" அவள் முகம் மலர்ந்தது.

"அப்ப வேலையை உங்க வீட்டுக்காரருக்கே..."

"டொக்குஊஊ!"

மிச்சத்தைச் சின்னவன் விழுங்கிவிட்டான்.

பீரோ பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த பெரியவள் மெல்ல வந்து அம்மாவின் துப்பட்டாவை இழுத்தாள்.

"அம்மா, நீ ஃபேனைத் தொட்டியா?"

"ஆமா. ஏன்?"

"ஐயோ! அப்பா உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"என்ன சொல்லக் கூடாது?"

சொல்லக் கூடாததை அவள் ஒன்று விடாமல் சொன்னாள்.

"தம்பிக்குப் பழைய ஃபேன் சத்தம் இல்லாம தூக்கமே வரலம்மா. டொக்கை அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம், அது தனியா பயப்படும்னு ஒரே அழுகை. நீ கடைக்குப் போனப்ப அப்பா இந்த ஃபேன்ல ஸ்க்ரூவை லூசாக்கிட்டு, டொக்கு இங்கயே வந்துடுச்சு பாருன்னு சொன்னாரு. அதே சத்தம் வர்ற வரைக்கும் ஏறி ஏறி இறங்கினாரு."

"ஏன்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"உனக்குத் தலைவலி வருமே! வேணும்னுதான் பண்ணாருன்னு தெரிஞ்சா அப்பாவை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவியாம்."

"வெளியில எல்லாரும் அவரைக் கேலி பண்றாங்களே..."

"நானும் சொன்னேன்மா. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க, அவன் தூங்கட்டும்னாரு."

செயலாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கட்டிலருகே குனிந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"இங்க பாரு கண்ணு. கடக்... கடக்... டொக்!"

சின்னவன் அழுகையை நிறுத்தி, அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"இது டொக்கு இல்ல!"

முன்னைவிடப் பலமாக ஆரம்பித்தான்.

அவள் ஃபேனைப் பார்த்தாள். காகிதக் கட்டைப் பார்த்தாள். சின்னவனைப் பார்த்தாள். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"மன்னிச்சுக்குங்க சார். வேலையை நீங்க யாருக்கு வேணும்னாலும் குடுங்க."

ஏறி நின்று திருப்புளியை வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் லூசாக்கும்மா," என்றாள் பெரியவள், கீழேயிருந்து. "அப்பா அங்க நிறுத்த மாட்டாரு."

அவள் எம்பினாள். ஸ்டூல் ஆடியது.

செயலாளர் காகிதக் கட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு, ஸ்டூலின் கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.