மஞ்சள் காமாலைப் பத்தியம்

“மேடமுங்க, நதியாவோட மாத்திரையெல்லாம் அந்த யாழினி புடுங்கி வெச்சுக்கிட்டாளுங்க.”

விடுதி வார்டன் வேலாத்தாள் போனில் இதைச் சொன்னதும் அபிராமிக்குப் பகீரென்றது. அப்போதுதான் கல்லூரியிலிருந்து வீடு திரும்பி, காபி டம்ளரைக் கையில் எடுத்திருந்தார். அதை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டியை வெளியே தள்ளினார்.

அபிராமி, கல்லூரியில் வணிகவியல் துறைத் தலைவர். நதியா அவருடைய இறுதியாண்டு மாணவி. அப்பா அழகுமலை தெற்கேயிருந்து பிழைக்க வந்த டெய்லர். பனியன் கம்பெனி ரூமிலேயே தங்கி வேலை பார்க்கிறவர் என்பதால் மகள் விடுதியில்.

நதியாவுக்கு மனநோய். போன வருஷக் கடைசியில் வந்தது. கோவையில் வைத்தியம் பார்த்த டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். சர்க்கரை வியாதி மாதிரி இதுவும் கூடவே இருக்கும். மாத்திரையை விடாமல் இருந்தால் தாராளமாகப் படிக்கலாம், வேலைக்குப் போகலாம். விட்டால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான். இந்த வருஷப் படிப்பும் அதோடு சரி.

அபிராமி தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். வருகைப் பதிவு குறைந்ததற்கு முதல்வரிடம் மல்லுக்கட்டி, பல்கலைக்கழகத்தில் விலக்கு வாங்கினார். விட்டுப்போன இன்டர்னல் தேர்வுகளைத் தனியாக வைத்தார். மாதாமாதம் கோவை போய்வர லீவு கொடுத்தார்.

ஆனால் வகுப்பில் என்ன சொல்வது? பிள்ளைகள் வாய் சும்மா இருக்காதே என்று பயந்து, “நதியாவுக்கு மஞ்சள் காமாலை” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

நம் ஊரில் மஞ்சள் காமாலை என்றால் சும்மா விடுவார்களா? ஊருக்குப் போன பிள்ளைகள் கீழாநெல்லியைப் பை நிறையப் பிடுங்கி வந்தார்கள். காலையில் பச்சைப் பசேலென்று ஒரு டம்ளர் மோர். எண்ணெய் ஆகாது, காரம் ஆகாது என்று தட்டிலிருந்த அப்பளத்தைக்கூட எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலைவி, பக்கத்துக் கட்டில் யாழினி. சேவூரில் சின்னதாகப் பனியன் யூனிட் வைத்திருக்கிறவர் மகள்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு அபிராமி தனக்குள் சிரித்துக்கொண்டதுண்டு. இப்போது சிரிப்பு வரவில்லை. நாட்டு மருந்து குடிக்கிறபோது இங்கிலீஷ் மாத்திரை ஆகாது என்று யாரோ கிளப்பிவிட்டிருப்பார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கும் புத்தி இவ்வளவுதான் போலிருக்கிறது.

நல்லூர் ரோட்டில் ஷிப்ட் விட்ட கூட்டம். ஊர்ந்து ஊர்ந்து விடுதி போய்ச் சேருவதற்குள் அபிராமி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மறைத்தது போதும். உண்மையைச் சொல்லி மாத்திரையை வாங்கிவிட வேண்டியதுதான்.

மெஸ்ஸில் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் நதியா எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அபிராமி யாழினியை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார்.

“மாத்திரை எங்கே?”

“எங்கிட்டத்தானுங்க மேடம் இருக்குது.”

“அதை ஒருநாள் விட்டாக்கூட அவளுக்கு என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?”

“தெரியுமுங்க. அதனாலதானுங்க நான் வாங்கி வெச்சேன்.”

அபிராமிக்குப் புரியவில்லை. யாழினி மெஸ் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். எல்லோரும் பார்க்கிறார்களே என்று கூசி, நதியா மாத்திரையைக் குப்பைக் கூடையில் போட்டிருக்கிறாள். அதைப் பார்த்ததுமே யாழினிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

“எங்கம்மா சாப்பிடறதும் இதே மாத்திரைதானுங்க. நான் ஸ்கூல் படிக்கும்போதிருந்து சாப்பிடறாங்க. எங்க யூனிட்ல துணி செக்கிங் மொத்தமும் அவங்கதான் பாத்துக்கறாங்க.”

அன்றிலிருந்து மாத்திரை யாழினியின் பெட்டியில். ராத்திரி சாப்பாடு ஆனதும், காமாலைக்கு மருந்து என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் தைரியமாகக் கையில் கொடுத்துவிடுகிறாள். காமாலை மருந்து சாப்பிட யாருக்கு வெட்கம்? நதியாவும் வாங்கி விழுங்கிவிடுகிறாளாம்.

“நேத்து நான் மறந்துட்டனுங்க. அவளே வந்து கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளுங்க.”

அபிராமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே வராந்தாத் திண்டில் உட்கார்ந்துவிட்டார். மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

எல்லோருக்கும் தெரியுமாம். கண்ணே மஞ்சளாக இல்லாதவளுக்கு என்ன காமாலை என்று முதல் நாளே பேசிக்கொண்டார்களாம்.

“அப்ப அந்தக் கீழாநெல்லி?”

“அது கொத்தமல்லி மோருங்க மேடம். கீழாநெல்லியைக் கொண்டாந்த அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டோமுங்க. அவளுக்குக் கூச்சமா இருக்கக்கூடாதுன்னுதான் காமாலை மாதிரியே நடந்துக்கிட்டோமுங்க.”

அபிராமி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இந்தப் பிள்ளைகளையா வாய் சும்மா இருக்காது என்று நினைத்தோம்? எழுந்து யாழினியின் தலையில் கைவைத்து, “தெரிஞ்சப்பவே எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு. நான் காமாலைன்னு சொன்னதை நீங்க எல்லாரும் நம்பிட்டீங்கன்னுல்ல இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்” என்றார்.

யாழினி மறுபடியும் மெஸ் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நாங்க யாருமே நம்பலீங்க. நதியா ஒருத்திதான் நம்பினாளுங்க. மேடமே மறைக்கறாங்கன்னா, தனக்கு வந்தது வெளிய சொல்லக்கூடாத நோயாத்தான் இருக்கும்னு.”